மூன்றாம் மாடியில் உடைந்த ஒரு ஸ்ப்ரிங்ளர்: புதுச்சேரி வணிக வளாகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கட்டடமும் அமைப்பும்

புதுச்சேரி நூறடிச் சாலையை ஒட்டிய வணிக வளாகம் இது. அடித்தளத்தில் வாகன நிறுத்தம், தரைத்தளத்தில் கடைகள், மேலே நான்கு மாடிகளில் அலுவலகங்கள். பராமரிப்பை ஒரு தனியார் ஏஜென்சி பார்க்கிறது. ஷிஃப்டுக்கு இரண்டு செக்யூரிட்டி, ஒரு எலக்ட்ரீஷியன். வார நாட்களில் மட்டும் ஒரு சூப்பர்வைசர். கூப்பிட்டால் வருகிற இன்ஜினியர் ஒருவர்.

எல்லாத் தளங்களிலும் குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கிற வெட் பைப் ஸ்ப்ரிங்ளர் அமைப்பு. மொத்தம் சுமார் 320 ஹெட், அதாவது தீயின் சூட்டில் திறந்து தண்ணீர் தெளிக்கும் முனைகள். எல்லாம் கீழ்நோக்கித் தொங்கும் பெண்டன்ட் வகை, கே-80 (எவ்வளவு நீர் விடும் என்பதைக் குறிக்கும் எண்), 68 டிகிரியில் உடையும் சிவப்புக் குப்பி. தளத்துக்கு ஒரு 100 மி.மீ. பட்டர்ஃபிளை வால்வு, படிக்கட்டுப் பக்கத்து டக்டில் (குழாய்கள் மேலேறும் செங்குத்து அறை) இருக்கிறது. அதற்கு அடுத்து, குழாயில் தண்ணீர் ஓடினால் அலாரம் தரும் ஃப்ளோ ஸ்விட்ச், வடிக்கும் டிரெயின். குழாயின் கோடியில் டெஸ்ட் வால்வு.

அடித்தள பம்ப் அறையில் மூன்று பம்புகள். குழாயின் அழுத்தத்தைக் குறையாமல் வைத்திருக்கும் சிறிய பம்பான ஜாக்கி நிமிடத்துக்கு 180 லிட்டர் தரக்கூடியது. அழுத்தம் 6 பாருக்குக் (பார், அழுத்தத்தின் அலகு) கீழே போனால் ஓடும், 7 பாரில் தானாக நிற்கும். 5 பாருக்குக் கீழே போனால் மெயின் பம்ப் எடுக்கும். அதுவும் எடுக்காவிட்டால் டீசல். மெயினும் டீசலும் ஓடத் தொடங்கினால் தாமாக நிற்காது, ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும். தீ நடுவில் பம்ப் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள். இவை தவிர மொட்டை மாடியில் தீயணைப்புக்கென்று தனி டேங்க். குழாய் வறண்டுவிடாமல் இருக்க அது ஒரு என்.ஆர்.வி. (நீரை ஒரே திசையில் விடும் வால்வு) வழியாக, தளங்களுக்கு ஏறும் பிரதான குழாயான ரைசரோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்த டேங்க் இருப்பது காகிதத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்று காலை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

முந்தைய வாரம்

மூன்றாம் மாடியைப் புதிதாக வாடகைக்கு எடுத்தவர் இன்டீரியர் வேலை தொடங்கியிருந்தார். பழைய ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துவிட்டு ஜிப்சம் சீலிங் போடும் வேலை. பிரித்தபின் ஹெட்டுகள் கவசம் ஏதுமின்றி, தளத்திலிருந்து இறங்கும் குழாய் முனையில் அப்படியே தொங்கின.

சிமென்ட் தூசியால் ஸ்மோக் டிடெக்டர்கள் திரும்பத் திரும்பக் கத்தியதால், தீ அலாரம் பேனலில் மூன்றாம் மாடி சோனையே, அதாவது அந்தத் தளத்துக் கருவிகள் எல்லாவற்றையும், மொத்தமாக ஐசொலேட் செய்துவிட்டார்கள். டிடெக்டர்களை மட்டும் ஒவ்வொன்றாக முடக்கியிருக்கலாம். சோனாக முடக்குவது இரண்டு பட்டன் வேலை. ஆனால் அந்த சோனுக்குள்தான் ஃப்ளோ ஸ்விட்சும், வால்வை யாராவது திருப்பினால் சொல்லும் டேம்பர் ஸ்விட்சும் இருந்தன. டிடெக்டரோடு அவையும் ஊமையாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

அடித்தளத்தில் அலாரம் வால்வோடு சேர்ந்த, நீரோட்டத்தால் அடிக்கும் தண்ணீர் மணிக்குப் போகும் காக் (சிறு வால்வு) கூட மூடிக் கிடந்தது. ஜாக்கி எடுக்கும்போதெல்லாம் லேசாக அடிக்கிறது என்று எப்போதோ மூடியது.

நடந்தது

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் மூடியிருந்தன, வேலையாட்கள் மட்டும் மேலே. கீழே வரும் நேரங்கள் சிசிடிவி பதிவிலிருந்தும் கைபேசி அழைப்புப் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. பேனலின் நினைவகத்தில் அன்று காலைக்கான பதிவு ஒன்றுகூட இல்லை.

11:12 மணி. 12 அடி நீள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல் ஒன்றை இருவர் சாரத்தின் மேல் ஏற்றித் திருப்பியபோது, பின்முனை ஒரு ஹெட்டில் மோதியது. குப்பி உடைந்து தண்ணீர் பீறிட்டது. முதல் சில விநாடிகள் கன்னங்கறேலென்று, இயந்திர எண்ணெயும் சாக்கடையும் கலந்த வாடையோடு வந்தது. ஆண்டுக்கணக்கில் தேங்கிய தண்ணீர், துருத்தூள், குழாய்க்குத் திரெட் வெட்டியபோது தங்கிய எண்ணெய் எல்லாம் சேர்ந்தது அது. சுவரில் பட்டால் கறை போகாது.

வேலையாட்கள் மூன்று நிமிடம் கையாலும் சாக்காலும் அடைக்கப் பார்த்தார்கள். நடக்காத காரியம். 11:15க்கு ஒருவர் கீழே ஓடிவந்து செக்யூரிட்டியிடம் சொன்னார்: "அண்ணே, மேல பைப்பு உடைஞ்சிடுச்சு, சீக்கிரம் தண்ணிய நிறுத்துங்க."

11:17. செக்யூரிட்டி ஒருவர் மேலே போய்ப் பார்த்தார். புகை இல்லை, சூடு இல்லை, உடைந்த ஹெட் கண்ணெதிரே. தண்ணீரை நிறுத்துவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். இந்த ஒரு விஷயம் அன்று சரியாக நடந்தது.

பிறகு அவர் பம்ப் அறைக்கு ஓடினார். ஜாக்கி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கேஜ் 6.2 பார். ஜாக்கியை ஆஃப் செய்தார். அழுத்தம் சரிந்து 5 பாரைத் தொட்டதும் மெயின் பம்ப் இரைச்சலோடு எடுத்தது. அதை ஆஃப் செய்தார். உடனே டீசல் எஞ்சின் கிராங்க் ஆனது. அதன் செலக்டரையும் திருப்பினார். 11:21க்கு மூன்றும் நின்றன.

மேலே தண்ணீர் நிற்கவில்லை.

11:23க்கு இன்ஜினியருக்கு அழைப்பு. "சார், பம்ப்ப எல்லாம் ஆஃப் பண்ணிட்டேன், இன்னும் ஊத்துது சார்." மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி, "டக்ட்ல இருக்கற வால்வ மூடினீங்களா?"

டக்ட் கதவின் முன்னால் ஜிப்சம் போர்டுகள் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. நான்கு பேர் அவற்றை நகர்த்திக் கதவைத் திறந்தால், வால்வின் சக்கரம் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. யாரும் தவறுதலாக மூடிவிடக் கூடாது என்று திறந்த நிலையில் பூட்டுவது முறைதான். சாவி சூப்பர்வைசரின் மேசை டிராயரில், டிராயர் சாவி அவரிடம், அவர் கடலூரில். எலக்ட்ரீஷியன் ஹேக்ஸா பிளேடால் சங்கிலியை அறுத்து, சக்கரத்தை முழுக்கச் சுற்றி வால்வை மூடியபோது மணி 11:37.

அதற்குப் பிறகும் ஹெட்டிலிருந்து சன்னமாக ஒழுகியது. அந்தத் தளத்துக் குழாய்களில் மிச்சமிருந்த தண்ணீர் அது. 11:41க்கு டக்டில் இருந்த டிரெயினைத் திறந்தார்கள். திறந்த கணத்தில் உடைந்த ஹெட் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டது, ஒழுக்கு நின்றுவிட்டது. வால்வை மூடிய கையோடு டிரெயினைத் திறந்தால் மிச்சம் தரைக்கு வராமல் டிரெயின் குழாய்க்குப் போகும். பலரும் விட்டுவிடும் படி இது.

எவ்வளவு தண்ணீர்

ஹெட் வழியே போகும் நீர், கே எண்ணை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும். பம்ப் அறையில் 6.2 பார். அங்கிருந்து மூன்றாம் மாடிக் கூரைக்கு 16.5 மீட்டர் உயரம், அதற்கு 1.6 பார் கழியும். உராய்வுக்கும் சிறிது கழித்தால் ஹெட்டில் ஏறத்தாழ 4.5 பார். ஆக நிமிடத்துக்குச் சுமார் 170 லிட்டர்.

ஜாக்கி 180 லிட்டர் தரக்கூடியது, ஒரு ஹெட் கேட்டது 170. மெயின் பம்ப் முதலில் எடுக்காமலே இருந்ததற்குக் காரணம் இதுதான். அடித்தளத்தில் இருந்தவர்களுக்கு ஜாக்கியின் சத்தம் அன்றாடம் கேட்பது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜாக்கி நிற்காமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடினாலே எங்கோ தண்ணீர் போகிறது என்று பொருள்.

பம்புகள் நின்றபின் மொட்டை மாடி டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கியது. டேங்கின் நீர்மட்டம் அந்த ஹெட்டுக்கு மேல் 8.5 மீட்டர், அதாவது 0.83 பார். நிமிடத்துக்கு 73 லிட்டர். வேகம் பாதிக்கும் கீழே குறைந்தது, ஆனால் நிற்பதற்கு வழியே இல்லை.

முதல் 9 நிமிடத்தில் சுமார் 1,530 லிட்டர், அடுத்த 16 நிமிடத்தில் சுமார் 1,170. மொத்தம் 2,700 லிட்டர். நான்காவது நிமிடத்தில் சோன் வால்வு (டக்டில் உள்ள தள வால்வு) மூடப்பட்டிருந்தால் 700 லிட்டருக்குள் முடிந்திருக்கும். அந்த அளவு பெரும்பாலும் மூன்றாம் மாடித் தரையிலேயே நின்றிருக்கும்.

மின்சாரமும் லிஃப்டும்

கட்டடத்தின் மெயினையே இறக்கிவிடலாம் என்று செக்யூரிட்டி கேட்டார். இன்ஜினியர் வேண்டாம் என்றார். படிக்கட்டு விளக்கு போய்விட்டால், ஈரத் தரையில் இருட்டில் ஆட்கள் ஏறி இறங்க வேண்டியிருக்கும். தரைத்தள எல்.டி. பேனலில் (கட்டடத்தின் முதன்மை மின்பலகை) மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் போகும் எம்.சி.சி.பி.களை (பெரிய பிரேக்கர்கள்) மட்டும் 11:25க்கு இறக்கினார்கள். மாடியிலுள்ள டி.பி.யை (தளத்து மின் விநியோகப் பெட்டி) யாரும் தொடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. நீரில் நின்றபடி டி.பி. கதவைத் திறப்பதைவிட ஆபத்தான வேலை அந்த நேரத்தில் வேறில்லை.

இரண்டாம் மாடியை ஏன் சேர்த்து இறக்கினார்கள் என்பது சில நிமிடங்களில் தெரிந்தது. மூன்றாம் மாடித் தண்ணீர் மின் டக்டுக்குள் புகுந்து, கேபிள் டிரே வழியே வழிந்து, இரண்டாம் மாடி அலுவலகத்தின் யு.பி.எஸ். அறைக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மின் டக்டை ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும் என்று 2016 தேசியக் கட்டடக் குறியீட்டின் 4ஆம் பகுதி சொல்கிறது. இங்கே புதிய கேபிள் இழுத்தவர்கள் ஓட்டையைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் இறங்கிய அதே ஓட்டை வழியாக, தீ என்றால் புகை ஏறியிருக்கும்.

லிஃப்ட் காலியாகத் தரைத்தளத்தில் நின்றது. மூன்றாம் மாடி லிஃப்ட் வாசல் வழியே தண்ணீர் குழிக்குள் விழத் தொடங்கியிருந்தது. யாரும் ஏறாமல், நான்காம் மாடியில் பட்டனை அழுத்தி அங்கே வரவழைத்து, மெஷின் ரூமில் ஆஃப் செய்தார்கள். இதில் ஒரு முரண் உண்டு. ஃபயர் அலாரம் அடித்திருந்தால் லிஃப்ட் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கி, ஒழுகும் தண்ணீருக்கு அடியிலேயே நின்றிருக்கும். தீக்கு அது சரி, தண்ணீர்க் கசிவுக்கு அல்ல. குழியில் ஒரு அடி அளவு தண்ணீர் சேர்ந்தது. அதை இறைத்தபின், லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து குழியிலுள்ள ஸ்விட்சுகளைச் சோதித்து அனுமதித்த பிறகுதான் ஓடவிட்டார்கள்.

ஹெட்டை மாற்றியது

கழற்றிய ஹெட்டைப் பார்த்ததும் காரணம் உறுதியானது. நீரைச் சிதறடிக்கும் தகடான டிஃப்ளெக்டர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, ஹெட்டின் சட்டக் கையில் புதிய கீறல், கீறலில் துத்தநாகப் பூச்சின் வெளிர் சாம்பல் தடம். சூட்டில் உடைந்த ஹெட் இப்படி வளைந்திருக்காது. பக்கத்து ஹெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்ததில் இன்னொன்றின் குப்பியில் சிவப்புத் திரவமே இல்லை. மயிரிழைக் கீறல் வழியே வடிந்து, வெறும் கண்ணாடியாக நின்றது. அது 68 டிகிரியில் ஒழுங்காக உடையும் என்று நம்ப முடியாது. வேறு நான்கில் பழைய பெயின்ட் தெறித்திருந்தது. பெயின்டைச் சுரண்டி எடுத்தால் சரியாகிவிடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டோரில் இருந்த உபரிப் பெட்டியைத் திறந்தால் ஐந்து ஹெட்டுகள்: மூன்று சைட்வால் (சுவரில் பொருத்தும் வகை), இரண்டு கே-115 பெண்டன்ட். கே எண், வெப்ப அளவு, வேக வகை (சூட்டுக்கு எவ்வளவு விரைவில் உடையும்), தொங்கும் திசை நான்கும் பழையதோடு பொருந்தினால்தான் மாற்றலாம். ஒன்றும் பொருந்தவில்லை. சரியானது மறுநாள்தான் கிடைக்கும்.

இங்கேதான் அன்றைய நல்ல முடிவு எடுக்கப்பட்டது. ஹெட் வரும்வரை சோனையே மூடி வைக்கலாம் என்றது ஒரு பக்கம். ஆனால் அப்படி வைத்தால் ஒரு முழுத் தளம் இரவு முழுக்கப் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். தரை முழுக்கப் பிரித்த மரச்சட்டமும் அட்டையும் இருந்தன. உடைந்த ஹெட், திரவம் போன ஹெட் என்ற இரண்டு இடத்தில் மட்டும் அரை அங்குல பிளக் போட்டு, மற்ற எல்லா ஹெட்டுகளையும் அன்று மாலையே உயிர்ப்பித்தார்கள். இரவு முழுக்க மணிக்கு ஒருமுறை சுற்றுக் காவல், வால்வில் சிவப்புச் சீட்டு. பெயின்ட் பட்ட நான்கும் மறுநாள்வரை அப்படியே இருந்தன. பழுதான பாதுகாப்பு, இல்லாத பாதுகாப்பைவிட மேல்.

நிரப்பும்போது வால்வை ஒரேயடியாகத் திறக்கவில்லை. கோடியிலுள்ள டெஸ்ட் வால்வைத் திறந்து வைத்து, சோன் வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்தார்கள். காற்று சீறிப் போய், தண்ணீர் விட்டுவிட்டு வந்து, பிறகு ஒரே சீராக வந்தது. அதன்பின் டெஸ்ட் வால்வை மூடி, சோன் வால்வை முழுக்கத் திறந்தார்கள். வேகமாக நிரப்பினால் அடைபட்ட காற்றும் நீரடியும் (ஓடும் நீர் சட்டென நின்று தரும் அதிர்ச்சி) சேர்ந்து, ஏற்கெனவே ஆட்டம் கண்ட மூட்டைப் பிரித்துவிடும்.

மறுநாள் புது ஹெட்டுகளுக்காக மறுபடி டிரெயின் செய்து மாட்டினார்கள். திரெட்டில் டெஃப்லான் டேப், முதலில் கையால், பிறகு ஸ்ப்ரிங்ளருக்கென்றே உள்ள ஸ்பேனரால். பைப் ரெஞ்சை வைத்துச் சட்டத்தைப் பிடித்தால் குப்பி கண்ணுக்குத் தெரியாமல் கீறும். அரை அங்குல ஹெட்டுக்கு 10 முதல் 19 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கழற்றிய ஹெட் எதையும் திரும்ப மாட்டவில்லை.

பம்ப் செலக்டர்கள் மூன்றையும் ஆட்டோவுக்குத் திருப்பினார்களா என்று இன்ஜினியர் முதல் நாள் 11:44க்கே போனில் கேட்டு உறுதி செய்துகொண்டார். இத்தகைய நாட்களில் அதிகம் மறந்துபோவது இதுதான். பல வாரம் கழித்து மாதாந்திரச் சோதனையில்தான் டீசல் ஆஃபில் கிடப்பது தெரியவரும்.

உலர்த்தல்

தரைத் தண்ணீரை வைப்பராலும் ஈரம் உறிஞ்சும் வேக்குவமாலும் மதியம் இரண்டு மணிக்குள் எடுத்தார்கள். இரண்டாம் மாடி ஃபால்ஸ் சீலிங்கில் தண்ணீர் தேங்கி வயிறு தள்ளியிருந்தது. பக்கெட்டைக் கீழே வைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் குத்தி வடித்தார்கள். விட்டிருந்தால் போர்டோடு சரிந்திருக்கும். நனைந்த ஜிப்சம் போர்டுகள் மொத்தமும் கழிவு. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் எதுவும் காயாது. ஏ.சி.யை டிரை மோடில் ஓட விடுவது உதவும், ஆனால் அதற்கு மின்சாரம் திரும்ப வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவுத் தடையை அளக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டாக அளந்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாதவற்றை மட்டும் மேலேற்றினார்கள். இரண்டு சர்க்யூட்டுகள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டன.

யு.பி.எஸ். போயிற்று. கோப்புகளில் பாதியைக் காப்பாற்ற முடிந்தது.

காப்பீடு

கட்டடச் சங்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. தீ மற்றும் சிறப்பு ஆபத்துகளுக்கான பொதுவான பாலிசியில் தானியங்கி ஸ்ப்ரிங்ளர் கசிவு தனி ஆபத்தாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. அந்த வரிக்கு அடியில் உள்ள விலக்குகளைக் காப்பீட்டு சர்வேயர் காட்டினார்: கட்டடத்தில் நடக்கும் பழுதுபார்ப்பு அல்லது மாற்றங்களால் ஏற்பட்ட கசிவு, ஸ்ப்ரிங்ளர் அமைப்பையே பழுதுபார்த்ததால், அகற்றியதால், நீட்டித்ததால் ஏற்பட்டது, காப்பீடு எடுத்தவருக்கு முன்பே தெரிந்த கட்டுமானக் குறை. சேனல் மோதி உடைந்தது முதல் விலக்குக்குள் நேராகப் போய் உட்கார்ந்தது. சங்கத்தின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இரண்டாம் மாடிக்காரர் யு.பி.எஸ்.ஸையும் கணினிகளையும் தனி எலக்ட்ரானிக் உபகரண பாலிசியில் வைத்திருந்ததால் அவருக்குப் பணம் வந்தது. மற்றதெல்லாம் மூன்றாம் மாடி வாடகைதாரருக்கும் இன்டீரியர் கான்ட்ராக்டருக்கும் இடையே பேச்சுவார்த்தையாகப் போய், வாடகை முன்பணத்தில் பிடித்தம் என்று முடிந்தது. கான்ட்ராக்டரிடம் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு இல்லை. வேலை அனுமதி தரும்போது யாரும் கேட்கவும் இல்லை.

மாற்றியவை

சங்கிலியும் பூட்டும் போய், கையால் இழுத்தால் அறுந்துவிடும் எண்ணிட்ட பிளாஸ்டிக் சீல் வந்தது. யாராவது வால்வைத் தொட்டால் டேம்பர் ஸ்விட்ச் பேனலில் சொல்லிவிடும். பூட்டு செய்யும் வேலையை இது ஆளைத் தடுக்காமல் செய்கிறது. டக்ட் கதவுகளில் தள எண்ணும், முன்னால் பொருள் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் எழுதப்பட்டன. செக்யூரிட்டி மேசையில் ஒவ்வொரு வால்வின் புகைப்படமும் அது இருக்கும் இடமும் கொண்ட ஒரு பக்கம். அதில் கொட்டை எழுத்தில் மூன்று வரிகள்: தீயா என்று கண்ணால் பார், தீ இல்லையென்றால் தள வால்வை மூடி டிரெயினைத் திற, பம்பைத் தொடாதே. கண்ணால் பார்க்க முடியாத நிலையென்றால் வால்வைத் தொடாமல் முதலில் 101க்கு அழைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தீ எரியும்போது அவசரப்பட்டு மூடிய வால்வு, உடைந்த ஹெட்டைவிடப் பெரிய சேதம் செய்யும்.

பேனலில் ஐசொலேஷன் இனி கருவி வாரியாக மட்டும். தினமும் மாலை ஆறு மணிக்கு அது நீக்கப்பட்டதா என்று பதிவேட்டில் கையெழுத்து. தண்ணீர் மணியின் காக் திறந்து சீல் வைக்கப்பட்டது. உபரிப் பெட்டியில் 12 ஹெட்டும் ஸ்பேனரும். 300 முதல் 1,000 ஹெட்டுள்ள கட்டடத்துக்கு என்.எஃப்.பி.ஏ. 25 (தீயணைப்பு அமைப்புகளின் பராமரிப்புக்கான அமெரிக்கத் தரநிலை) சொல்லும் அளவு அது. கூடவே மரக்குச்சி ஆப்புகள் இரண்டு. வால்வு மூடி அழுத்தம் இறங்கியபின் ஒழுகும் ஹெட்டின் வாயில் எதிரெதிராகச் செருக அவை உதவும். முழு அழுத்தத்தில் முயல வேண்டாம்.

சீலிங் வேலை நடக்கும்போது சோனை வடித்துவிடுவதா என்பதில் இரண்டு கருத்து வந்தது. எப்போதும் வடித்துவிட வேண்டும் என்றார் கான்ட்ராக்டர், அவருக்கு அது வசதி. ஆனால் வடித்து நிரப்பும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று குழாய்க்குள் போய்த் துருவை வேகப்படுத்தும். இந்தப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் உப்பு வேறு. சீலிங்கைப் பிரிப்பது, நீளச் சேனல் ஏற்றுவது போன்ற நாட்களில் மட்டும் வடிப்பது, அன்று வெல்டிங்கும் கிரைண்டிங்கும் அந்தத் தளத்தில் கிடையாது, மாலையில் நிரப்பியே ஆக வேண்டும் என்று முடிவானது. மற்ற நாட்களில் ஹெட்டுக்குக் கம்பிக் கூண்டுக் கவசம். அதன் வாடகை கான்ட்ராக்டர் கணக்கில்.

ஷிஃப்ட் மாறும் நாளில் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி, செக்யூரிட்டி தன் மேசையிலிருந்து அந்த வால்வின் சக்கரத்தில் கை வைக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். இலக்கு மூன்று நிமிடம். நான்காம் மாடிக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது, அங்கே டக்ட் கதவு தாழ்வாரத்தின் கோடியில் இருக்கிறது. மின் டக்டில் மூன்றாம், நான்காம் மாடித் தள ஓட்டைகள் அடைக்கப்பட்டுவிட்டன. முதல் மாடியில் வாடகைதாரர் சர்வர் அறைக்குள் ஆள் விட மறுப்பதால் அந்த வேலை நிலுவையில் இருக்கிறது.